தேர்தல் செலவும் கணக்குக் காட்டும் கடமையும்

மறைமலைநகரிலிருந்து செங்கற்பட்டு வழியாக உத்தரமேரூர் சென்று வருதல் அரைநாட் பயணமே. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. பள்ளிப் பாடநூலில் அதனைப் படித்த நம் மாணவர்கள் குடத்தையும் ஓலையையும் மறப்பதில்லை. வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும், கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும் என்னும் தகுதிகளையும் ஒப்பிப்பார்கள். யாருடைய பெயர் ஓலையில் எழுதப்படலாகாது என்று கேட்டால் மட்டும் வகுப்பில் அமைதி நிலவும். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் பெயரை எழுதலாகாது என்கிறது அக்கல்வெட்டு. அவரோடு நில்லாமல் அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் என உறவினரையும் எண்ணியெண்ணி விலக்குகிறது.

அச்சபை ஒரு பிரமதேயச் சபை. நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. ஆதலின் அதனை மக்களாட்சியின் தொட்டில் என மேடைதோறும் முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. எனினும் பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டாதவன் பொதுப்பதவிக்கு ஆகான் என்னும் ஒரு செய்தியில், ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முற்பட்ட அவ்வூரார் நம்மினும் கண்டிப்பாக இருந்தனர்.

இன்றைய சட்டமும் கணக்குக் கேட்கத்தான் செய்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்தின் மக்களவைக்கோ போட்டியிடுபவர், வேட்புமனு அளித்த நாள்முதல் முடிவு அறிவிக்கப்பெறும் நாள்வரை ஆகும் செலவுக்குத் தனிக்கணக்கு வைத்தல் வேண்டும். முடிவு வெளியான 30 நாள்களுக்குள் அதனை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைத்தல் வேண்டும். தக்க காரணமின்றித் தவறியவரை 3 ஆண்டுகள் தகுதியிழக்கச் செய்யும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு உண்டு. ஒப்படைத்த கணக்கை ஒரு ரூபாய்க் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம் என்கிறது 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 88ஆம் விதி. அந்த ஒரு ரூபாயைச் செலுத்தியவர் எத்தனை பேர் என்று வகுப்பில் வினவினேன். ஒரு கையும் உயரவில்லை. வினவிய என் கையும் உயரத் தகுதியற்றதே.

உள்ளாட்சித் தேர்தல்கள் இவ்வாணையத்தின் பொறுப்பில் இல்லை. 1992இல் நிறைவேறிய 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்களுக்குப் பின்னர் அவை மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கையில் உள்ளன. செங்கற்பட்டு 2019இல் தனி மாவட்டமான பின்னர், இங்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில் நடைபெற்றது. ஊராட்சி வார்டு உறுப்பினர் ரூ.9,000, ஊராட்சித் தலைவர் ரூ.34,000, ஒன்றிய வார்டு உறுப்பினர் ரூ.85,000, மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் ரூ.1,70,000 வரை செலவிடலாம் என அப்போது உச்சவரம்பு இருந்தது. இங்கும் 30 நாள்களில் கணக்கு. இங்கும் தவறினால் 3 ஆண்டுத் தகுதியிழப்பு.

அத்தேர்தலில், என்னிடம் இளங்கலை பயின்ற மாணவி ஒருவர், பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட ஊராட்சி ஒன்றில் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். மூன்றாம் வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் என் இல்லத்துக்கு வந்தார். துண்டறிக்கை அச்சிட்ட கூலி, ஆட்டோவுக்கும் ஒலிபெருக்கிக்கும் வாடகை, உடன் வந்தோருக்குத் தேநீர், வாக்குச்சாவடி முகவர்களுக்கு மதிய உணவு என வலப்பக்கத்தில் நாள்வாரியாக எழுதியிருந்தார். இடப்பக்கத்தில், பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதியிருந்தார். அண்ணன் தந்தது, சின்னம்மா தந்தது, வளையலை அடகு வைத்தது. தந்தையின் மளிகைக் கடையில் வரவு செலவு எழுதிப் பழகிய கை அது. மொத்தம் இருபத்தோராயிரத்துக்குச் சற்று மேல். கணக்குடன் இணைக்க வேண்டிய கடிதத்தைத் திருத்தித் தருமாறு கேட்டார். திருத்திக் கொடுத்தேன். எழுந்து செல்லும்போது கேட்டார்: “ஐயா, தோற்றவள் கணக்கை யார் பார்க்கப் போகிறார்கள்? வென்றவர் கணக்கையாவது யாராவது பார்ப்பார்களா?”

ஒப்புகைச் சீட்டு கிடைத்ததோடு அவர் செய்தி முடிந்தது. வென்றவரின் கணக்கு அவ்வூராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்ததை அவர் காணவில்லை. அவ்வூரில் நான் விசாரித்த எவரும் காணவில்லை. வென்றவர் தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் சான்றில்லை. சான்றைப் பார்க்கும் வழி ஊராருக்குத் தெரியவில்லை என்பதே என் குறை.

கணக்கில் ஏறுவனவற்றைக் காட்டிலும் ஏறாதனவே மிகுதி. சட்டமன்றத் தேர்தலையே எடுத்துக்கொள்வோம். மனு அளித்த நாளில்தான் கணக்குத் தொடங்குகிறது என்பதால், அதற்கு முந்திய மாதங்களில் நடைபெறும் கொடை விழாக்கள் எந்த ஏட்டிலும் இடம்பெறா. கட்சிகள் தம் பெயரால் செய்யும் பொதுப் பரப்புரைக்கு உச்சவரம்பே இல்லை. கட்சித் தலைவர்களும் நட்சத்திரப் பேச்சாளர்களும் வானூர்தியிலும் ஊர்தியிலும் வந்து செல்லும் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது. ஈண்டு தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சங்கத் தமிழில் ‘செலவு’ என்னும் சொல்லுக்குப் பயணம் என்றே பொருள். ‘செலவழுங்குதல்’ என்னும் அகத்துறை பயணத்தைத் தவிர்த்தலைக் குறிக்கும். நம் தேர்தல் சட்டத்தில் பயணம் செலவாகாது!

இந்த ஓட்டைகள் தாமே விழுந்தவையல்ல. தில்லி சதர் தொகுதியில் 1971இல் நடந்த தேர்தல் குறித்த கன்வர்லால் குப்தா வழக்கில், கட்சி தன் வேட்பாளருக்காக அவர் அறியச் செய்யும் செலவும் வேட்பாளரின் செலவே என 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மை உலருமுன் அதே மாதத்தில் அவசரச் சட்டம் வந்தது. கட்சியோ நண்பரோ செய்யும் செலவு வேட்பாளர் செலவாகாது என 77ஆம் பிரிவில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. அது நீக்கப்பட 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீக்கிய அவ்வாண்டுச் சட்டமும் தலைவர்களின் பயணத்துக்கு மட்டும் விலக்கை நிலைநிறுத்திக்கொண்டது. அதே 1974இல் அமெரிக்காவின் கலிபோர்னிய மாநில மக்கள் நேரடி வாக்கெடுப்பின் வாயிலாக ஒரு சட்டம் செய்துகொண்டனர். அதன்படி, நகரமன்றத்துக்குப் போட்டியிடுபவரும் தமக்கு 100 டாலர் அல்லது அதற்கு மேல் கொடுத்தவரின் பெயரையும் தொழிலையும் வெளியிட்டாக வேண்டும். நம் நாட்டில் கட்சிகள் ரூ.20,000க்கு மேற்பட்ட நன்கொடைகளைத் தெரிவித்தால் போதும். கணக்கே வைக்காத வேட்பாளருக்கு, 1920இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் புகுத்தப்பட்ட பிரிவு ரூ.500 வரை அபராதம் விதித்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்கிதை அதனை ரூ.5,000 ஆக்கியுள்ளது. நூற்றாண்டு கடந்து ஒரு சுழியம் கூடியுள்ளது.

தமிழகம் இத்துறையில் பெற்றுள்ள பெயர் நாம் தலைநிமிர்ந்து சொல்லத்தக்கதன்று. 2009 திருமங்கலம் இடைத்தேர்தல், வாக்குக்குப் பணம் கொடுக்கும் முறைக்கே ‘திருமங்கலம் பார்முலா’ என்று பெயர் வாங்கித் தந்தது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய தொகுதிகளில் பணப் பட்டுவாடாவால் தேர்தல் ரத்தாயிற்று. 2017 ஏப்ரலில் இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலும் அவ்வாறே ரத்தாயின. வாக்காளருக்குப் பணம் கொடுத்தல் குற்றம்; ஆதலின் அது எக்கணக்கிலும் எழுதப்படாது. வாங்கியவர் நாமே என்பதால் நாமும் அது பற்றிக் கேட்பதில்லை.

பணம் கொடுப்போரின் பெயரை மறைக்கவே ஒரு திட்டம் நாட்டில் ஆறாண்டுகள் நடைமுறையில் இருந்தது. 2018 சனவரியில் வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதியரசர்கள் அமர்ந்த அரசியலமைப்பு அமர்வு ஒருமனதாகச் செல்லாதென அறிவித்தது. அடுத்த மாதம் பட்டியல் வெளியாயிற்று. பெரும்பங்கு பாரதிய ஜனதாக் கட்சிக்குச் சென்றிருந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் பெற்ற ரூ.656.5 கோடியில் ரூ.509 கோடி ஒரே லாட்டரி நிறுவனம் தந்தது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் தடை செய்யப்பட்டுள்ளது என்பதை நினைவிற் கொண்டு அவ்வெண்ணை மீண்டும் ஒருமுறை நோக்குக.

அவ்வேளையில் நம் பெரியோர் ஒருவர், ‘கொடுத்தவர் பெயரை மறைப்பது நல்ல பண்புதானே, வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பது நம் மார்க்கமல்லவா?’ என்று என்னிடம் வினவினார். நேர்மையான வினா, விடை சொல்லாமல் கடந்து செல்லலாகாது. தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே, மறைவாக ஏழைகளுக்கு ஈவது அதனினும் சிறந்தது என்னும் கருத்து அல்பகறா அத்தியாயத்தில் உள்ளது. ஆனால் அங்குப் பெறுபவர் ஏழை. கைம்மாறு செய்ய இயலாதவர். அவருடைய மானத்தைக் காக்கவே மறைவு. நாளை ஒப்பந்தம் வழங்கும் கையில் இன்று வைக்கும் பணம் எவ்வகையில் தர்மமாகும்? அதே அத்தியாயத்தில், திருமறையிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சி வைத்து எழுதிக்கொள்வது பற்றியது. ஏழைக்கு ஈவதை மறைக்கலாம், கொடுக்கல் வாங்கலை எழுத வேண்டும் என்னும் இரு நெறிகளும் ஒரே அத்தியாயத்தில் அருகருகே உள்ளன. தேர்தல் நன்கொடை இவ்விரண்டனுள் எதனைச் சாரும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஸகாத் திரட்டச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, ‘இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது’ என்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சினந்து, அவர் தம் தாய் தந்தையர் வீட்டில் அமர்ந்திருந்தால் அவ்வன்பளிப்பு வந்திருக்குமா என்று மேடையேறி வினவிய நிகழ்ச்சி நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. பதவிக்காக வரும் பணத்தை அளக்க இதனினும் நேரிய அளவுகோலை நான் அறியேன்.

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருகிறேன், பெரியோர்கள் பொறுத்தருள்க. ரமளானில் நோன்புக்கஞ்சிக்கு ஒருவர் ஒரு மூட்டை அரிசி கொடுத்தாலும், அதனைப் பள்ளிவாசல் பலகையில் எழுதி ஒட்டும் வழக்கம் நம் மஹல்லாக்களில் உண்டு. ஆண்டு வரவு செலவை ஜும்ஆவுக்குப் பின் படித்துக் காட்டும் ஜமாஅத்துகள் உண்டு. வக்ஃப் வாரியத்துக்கும் கணக்கு அனுப்புகிறோம். பத்து ரூபாய் குறைந்தால் முத்தவல்லியை நிற்கவைத்துக் கேட்கும் சமுதாயம் இது. ஆனால் தேர்தல் நெருங்கும் மாதத்தில் பள்ளிவாசலுக்கு மின்விசிறியும் கம்பளமும் வந்து இறங்கும்போது அப்பலகை வெறுமையாக இருக்கிறது. கொண்டுவந்தவர் மனு அளிக்குமுன் கொடுத்ததால் அவர் கணக்கிலும் அது இல்லை. நாம் எழுதாததால் நம் கணக்கிலும் இல்லை. கட்சிகள் நடத்தும் இஃப்தார் விருந்துகளின் செலவை ஏற்றவர் யார் என்றும் நாம் கேட்டதில்லை. நாம் மட்டுமா, கோயிலிலும் தேவாலயத்திலும் இதுவே நடைபெறுகிறது என்று ஒரு மறுமொழி வரும். உண்மைதான். கணக்கெழுதும் பழக்கம் நம்மிடம் உள்ளதால் நம்மிடமிருந்து தொடங்குதல் எளிது என்பதே என் எண்ணம். அத்தகைய பொருளை வேண்டாமென்று திருப்பியனுப்புதல் சிறப்பு. இயலாவிடில், கொடுத்தவர் பெயர், நாள், விலை மூன்றையும் கஞ்சிக் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடலாம்.

அரசிடம் கேட்க வேண்டியதும் பெரிதன்று. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் நின்ற ஒவ்வொருவரின் செலவுக் கணக்கும், பணம் தந்தோர் பெயரும், அந்தந்த அலுவலக வாயிலில் தமிழில் ஒட்டப்படுதல் வேண்டும். ரூ.34,000 வரம்புள்ள ஒரு கணக்கு இரண்டு தாளில் அடங்கும். ஊரில் அச்சுக்கூலி என்ன, ஆட்டோ வாடகை என்ன என்று அறிந்தவர்கள் அதனைப் படித்தால், கணக்காயர் எவரும் தேவையில்லை.

அது நிகழும்வரை வேறொரு வழி உண்டு. 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து, தம் வார்டில் போட்டியிட்டோரின் கணக்கு நகலை எவரும் கேட்கலாம். 30 நாள்களில் மறுமொழி தரல் வேண்டும். நம் துறை மாணவர்களுள் பத்துப் பேர் தத்தம் ஊருக்கு ஒன்றாக இவ்விண்ணப்பத்தை எழுத முன்வந்தால், வெள்ளிக்கிழமை நீங்கலாக எந்நாளும் மதிய இடைவேளையில் துறை அறையில் இருப்பேன். வரைவுடன் வருக. கட்டணத்துக்குரிய 10 ரூபாயை நானே தருகிறேன். அதனையும் கணக்கில் எழுதிக்கொள்வோம்.