அஸ்திவாரக் குழியில் ஒரு பார்வை

இந்தியாவின் ஜுராசிக் கால வானில் டெரோசார் என்னும் பறக்கும் ஊர்வன திரிந்ததற்கு எலும்புச் சான்றாகச் சொல்லப்படுவது ஒரு தாடைத் துண்டு. பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா பாறைகளில் கிடைத்த அதற்கு, 1974-இல் எஸ்.எல். ஜெயின் 'கேம்பைலோநாத்தாய்டிஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார். 2008-இல் கெவின் பாடியன், அது மீனின் தாடையாகவும் இருக்கலாம் என்று ஐயம் எழுப்பினார். ஐயத்தைத் தீர்க்க இன்னொரு எலும்பு வேண்டும். இதே பேரினத்துக்கு ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடன் களிப்பாறைகளில் இறக்கை எலும்புகளோடு முழு உடல்களே கிடைத்திருக்கின்றன. உயிர்வளி குறைந்த கடலடிச் சேறு அவற்றைச் சிதையாமல் காத்தது உண்மைதான். ஆனாலும் குவாரித் தொழிலாளர்கள் பாளம் பாளமாகப் பிளந்த கல்லை ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்திராவிட்டால், அந்த உடல்களும் ஜல்லியோடு போயிருக்கும். நம்மிடம் குறைவது அந்தப் பார்வை என்பதே என் வாதம்.

இது நம் வட்டாரத்துக்கும் பொருந்தும். திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலும், தெற்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கமும், ஆந்திர எல்லை தாண்டிச் சத்தியவேட்டிலும் தொடக்கக் கிரிட்டேசியஸ் காலப் படிவுகள் ஆங்காங்கே வெளித்தெரிகின்றன. இவற்றின் களிப்பாறைகளில் இலைப் பதிவுகளும் கடல்வாழ் உயிரினங்களின் தடயங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பதிவாகிவிட்டன. டெரோசார் எலும்பு எதுவும் இங்கே கிடைக்கவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் டெரோசார்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்தவை. இந்தப் படிவுகளின் காலம் அதற்கு வெகுவாக முந்தியது. அவற்றின் எலும்போ மெல்லிய சுவருடைய குழாய். கரடுமுரடான மணலில் நொறுங்கிவிடும். இலையின் பதிவைத் தாங்கிய கடலோரச் சேறு அத்தகைய எலும்பையும் தாங்கியிருக்கக் கூடும். கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. தேடாமலே இல்லை என்று முடிவுகட்டுவதுதான் தவறு.

ஸ்ரீபெரும்புதூரில் சிப்காட், சத்தியவேட்டுப் பக்கம் ஸ்ரீசிட்டி என்று இந்த நிலப்பரப்பு வேகமாகத் தொழில்மயமாகிறது. வேலை தரும் தொழிலைக் கல்லுக்காக நிறுத்துவதா என்பார்கள். நிறுத்த வேண்டியதில்லை. ஹோல்ஸ்மாடன் சட்டப்படி காக்கப்பட்ட பகுதி; அங்கே கல்லும் வெட்டுகிறார்கள், முக்கியமான புதைபடிவம் கிடைத்தால் தெரிவிக்கவும் செய்கிறார்கள். நம் திருவக்கரைக் கல்மரங்களும் திருமலைச் சிலாதோரணமும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களாகக் காக்கப்படுகின்றன, பெரியவை, கண்ணில் படுபவை என்பதால். விரலளவு எலும்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை. புவிமரபுச் சின்னங்களைக் காக்க 2022-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட சட்ட வரைவு, நிலத்தடியில் கிடைக்கும் சிறு துண்டுக்கும் பயன்பட வேண்டும். களிப்பாறை உள்ள மனைகளில் அஸ்திவாரக் குழி தோண்டியதும், கான்கிரீட் கொட்டுமுன் புவியியல் தெரிந்த ஒருவர் ஒரு நாள் பார்க்கட்டும். அதைக் கட்டட அனுமதியின் நிபந்தனையாகவே இரு மாநில அரசுகளும் சேர்க்கலாம்.