வெளுத்தால் மட்டும் போதுமா?

துவைத்து, காய்ந்து, மடித்து பீரோவில் வைத்திருக்கும் துண்டு ஒன்றை எடுங்கள். ஒரு பக்கெட்டில் பாதி அளவு நல்ல தண்ணீர் பிடித்து, துண்டை அதில் முக்கி நாலு தடவை கசக்கிப் பாருங்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் சந்தோஷம், உங்களுக்கு இந்தக் கட்டுரை அவ்வளவாகத் தேவைப்படாது. நுரை பொங்கினால்...? தயவுசெய்து உட்கார்ந்து கடைசி வரை படியுங்கள். அந்த நுரையைத்தான் உங்கள் வீட்டில் எல்லோரும் தினமும் உடம்பில் தேய்த்துக் கொண்டிருக்கிறீர்கள்!

இந்தப் பரிசோதனையை நான் கற்றுக்கொண்டது பேத்தியால். ஐந்து வயசுக் குழந்தை. கழுத்து மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் ஒரே அரிப்பு. ராத்திரியெல்லாம் சொறிந்து சொறிந்து தோலே தடித்துப் போய்விட்டது. "வேர்க்குருதான், சந்தனம் பூசினா சரியாப் போயிடும்" என்றேன் நான். "முட்டை ஒத்துக்கலையோ என்னவோ அத்தை" என்றாள் மருமகள். தோல் டாக்டரிடம் போனோம். எக்ஸிமா என்று சொல்லி களிம்பு எழுதிக் கொடுத்தார். நாங்கள் எழுந்திருக்கும்போது, "துணியெல்லாம் எதுலம்மா துவைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"இப்பத்தான் டாக்டர், புது ஃபுல்லி ஆட்டோமேடிக் வாங்கியிருக்கோம்" என்றாள் மருமகள், கொஞ்சம் பெருமையாகவே.

"மெஷின் இருக்கட்டும். எத்தனை தடவை அலசுது?"

இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து குழந்தையின் பாவாடையை பக்கெட்டில் போட்டுக் கசக்கினோம். நுரை! துவைத்து, மொட்டை மாடியில் காய்ந்து, இஸ்திரியும் போட்ட பாவாடை!

எல்லா அரிப்புக்கும் சோப்புத் தூள்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. எக்ஸிமா பரம்பரையாக வரலாம். வறண்ட தோல், வியர்வை, தூசி என்று அதைக் கிளறிவிட ஆயிரம் உண்டு. ஆனால் ஏற்கெனவே புண்பட்ட தோலுக்கு, துணியில் தங்கிய சோப்பும் அதில் கலந்திருக்கும் வாசனைப் பொருளும் எரிகிற நெருப்பில் எண்ணெய். அதனால்தான் டாக்டர்கள் வாசனையில்லாத தூள் போடுங்கள், ஒரு தடவை கூடுதலாக அலசுங்கள் என்கிறார்கள்.

பழசு பாவமா, புதுசு புண்ணியமா?

எங்கள் வீட்டில் பதினெட்டு வருஷம் உழைத்த செமி ஆட்டோமேடிக்கை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுத்தான் புதுசு வந்தது. உங்களுக்கும் அந்த இரட்டைத் தொட்டி மெஷின் ஞாபகம் இருக்கும். இன்றும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டும் இருக்கிறது. ஒரு தொட்டியில் துவைப்பது, பக்கத்துத் தொட்டியில் பிழிவது. தண்ணீரை நாமே பிடிக்க வேண்டும், நாமே திருகி வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒரு பெரியப்பா உண்டு. தொட்டிக்கு நடுவில் தூண் மாதிரி நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திரும்பித் துணியைப் புரட்டும் அஜிடேட்டர் வகை. தொட்டி நிறையத் தண்ணீர் கேட்கும். அழுக்கை விரட்டிவிடும், கூடவே புடவைத் தலைப்பையும் சுற்றி இழுத்து முறுக்கிவிடும்!

புது மெஷின்களில் தூண் இல்லை. அடியில் தட்டு மாதிரி பல்சேட்டர் சுற்றுகிறது. முதலில் தண்ணீர் இல்லாமலேயே இரண்டு சுற்று சுற்றிப் பார்த்து, துணி எவ்வளவு கனம் என்று கணித்து, அதற்கேற்பத் தண்ணீரைப் பிடித்துக் கொள்கிறது. இந்த மூளை நேற்று முளைத்ததல்ல. 1990-லேயே ஜப்பானின் மட்சுஷிடா கம்பெனி, துணியின் அளவையும் அழுக்கையும் உணர்ந்து தானே முடிவெடுக்கும் 'ஃபஸி லாஜிக்' மெஷினை விற்பனைக்குக் கொண்டு வந்துவிட்டது. இன்று அந்த மாதிரி வசதி நடுத்தர வீட்டு மெஷினிலும் வந்துவிட்டது.

நல்ல விஷயம்தான். ஆனால் ஒன்றை நாம் கவனிக்கவில்லை. மெஷின் துணியை எடை போடுகிறது. நாம் கொட்டுகிற தூளை எடை போடுகிறதா? பெரும்பாலான மெஷின்கள் போடுவதில்லை! செமி ஆட்டோமேடிக்கில் இரண்டு கரண்டி போட்ட கை, புது மெஷினிலும் இரண்டு கரண்டிதான் போடுகிறது. 'வாசனையாக இருக்கட்டுமே' என்று மூன்றாவது கரண்டியும் விழுகிறது. தண்ணீர் குறைந்தது, தூள் குறையவில்லை. மிச்சம் எங்கே போகும்? துணியில்தான் உட்காரும்.

பழைய மெஷினில் அலசலுக்குக் காவல் நம் கண். தண்ணீர் பால் மாதிரி வந்தால், "இன்னும் ஒரு தண்ணி பிடிடீ" என்று சொல்லத் தெரிந்தது. புது மெஷினில் மூடியை மூடிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம். கண் செய்த வேலையை எந்தப் பொத்தான் செய்கிறது என்று கேட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு

"இன்னும் அலசு, இன்னும் அலசு என்றால் தண்ணிக்கு எங்கே போறது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்த ஊர் சென்னை. குடம் பிடிக்க வரிசையில் நின்றவர்களுக்கு, தொட்டி தொட்டியாகக் கொட்டி அலசச் சொல்ல எனக்கும் மனசு வராது.

அதனால்தான் இந்தக் கணக்கு. பிழிந்த பிறகும் உங்கள் துணிகளில் 3 லிட்டர் சோப்புத் தண்ணீர் தங்கியிருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதை 54 லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரே தடவையாக அலசிப் பிழிந்தால், சோப்பில் 19-ல் ஒரு பங்கு துணியிலேயே நிற்கும். அதே 54 லிட்டரை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் 27 லிட்டரில் அலசிப் பிழிந்தால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். மறுபடி 27 லிட்டரில் அலசிப் பிழிந்தால் நூறில் ஒரு பங்குதான்! தண்ணீர் அதேதான். சோப்பு மட்டும் ஐந்து மடங்கு குறைவாக மிஞ்சுகிறது.

ரகசியம் தண்ணீரின் அளவில் மட்டும் இல்லை. நடுவில் ஒரு தடவை பிழிவதில் இருக்கிறது. நம் பாட்டிமார் ஒவ்வொரு தண்ணிக்கும் முறுக்கிப் பிழிந்து உதறிப் போட்டார்களே, அது சும்மா இல்லை. செமி ஆட்டோமேடிக் வைத்திருப்பவர்கள் சோப்புத் தண்ணீரோடு துணியை அலசலுக்குத் தள்ளாமல், பக்கத்துத் தொட்டியில் ஒரு நிமிஷம் பிழிந்துவிட்டு அலசுங்கள். ஃபுல்லி ஆட்டோமேடிக் காரர்கள் கூடுதல் அலசலுக்கான பொத்தானைத் தேடிப் பிடியுங்கள். இன்னொரு யோசனையும் உண்டு. கடைசியாக அலசிய தண்ணீர் கிட்டத்தட்ட சுத்தமாகவே இருக்கும். வெளியேற்றும் குழாயை பக்கெட்டில் விட்டுப் பிடித்தால், பாத்ரூம் கழுவவும் மிதியடி துவைக்கவும் ஆகும்.

எந்த வீட்டுக்கு எது?

இடுப்பு வலிக்காரர்கள், ஆபரேஷன் ஆனவர்கள், வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஃபுல்லி ஆட்டோமேடிக்தான் நல்லது. தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு ஜமுக்காளத்தை இந்தத் தொட்டியிலிருந்து அந்தத் தொட்டிக்குத் தூக்கிப் போடுவது முதுகுக்கு ஆகாது. குள்ளமானவர்கள் கடையிலேயே ஒரு தடவை தொட்டியின் அடி வரை கை எட்டுகிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிற வீட்டுக்கு, பக்கெட்டில் பிடித்து ஊற்றக்கூடிய செமி ஆட்டோமேடிக்தான் கைகொடுக்கும். மொட்டை மாடித் தொட்டி ஓரிரு அடி உயரத்தில் மட்டும் இருக்கும் மேல்தளத்து வீடுகளில், ஃபுல்லி ஆட்டோமேடிக் தண்ணீருக்காகவே காத்துக் கிடக்கும்.

தினமும் பிழிந்ததும் காய வேண்டிய அவசரம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல். செமி ஆட்டோமேடிக்கின் பிழியும் தொட்டி நிமிஷத்துக்கு 1,300 சுற்றுக்கு மேல் சுற்றும். ஃபுல்லி ஆட்டோமேடிக் டாப் லோடு பெரும்பாலும் 700 சுற்றை ஒட்டித்தான். மழைக்காலத்தில் வித்தியாசம் தெரியும். ஈரம் முழுக்கக் காயாத உள்ளாடையைப் போட்டுக்கொண்டு போவதால் படர்தாமரைக்கு நாமே பந்தி விரிக்கிறோம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். பழைய இரட்டைத் தொட்டியில் மூடியைத் திறந்தபிறகும் பிழியும் தொட்டி சில நொடிகள் சுற்றும். சின்னக் கை உள்ளே போனால் விபரீதம். புது மெஷின்களில் பூட்டிக் கொள்ளும் மூடி வந்திருப்பது பெரிய நிம்மதி. ஆனால் எந்த மெஷினிலும் தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள், பக்கத்தில் ஸ்டூல் போடாதீர்கள். ரெயின்கோட், ரப்பர் ஷீட் போன்ற தண்ணீர் இறங்காத துணிகளைப் பிழியப் போடவும் வேண்டாம். 2016-ல் அமெரிக்காவில், கனத்த துணிகளைப் பிழியும்போது மேல்மூடி பிய்த்துக்கொண்டு வரக்கூடும் என்று சாம்சங் தன்னுடைய டாப் லோடு மெஷின்கள் சுமார் 28 லட்சத்தைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டி வந்தது.

எதை வைத்திருந்தாலும் இதைச் செய்யுங்கள்

தூளைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். அழுக்கு போகவில்லை என்றால் மட்டும் கூட்டுங்கள். மெஷினுக்கென்று விற்கும் நுரை குறைந்த தூளையே போடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தூள் கொஞ்சம் கூடத்தான் வேண்டியிருக்கும். அப்போது அலசலும் கூட வேண்டும்.

தொட்டியை அமுக்கி அடைக்காதீர்கள். 7 கிலோ மெஷின் என்றால் அது காய்ந்த துணியின் எடை. துணி புரள இடம் இருந்தால்தான் தண்ணீர் உள்ளே போய் சோப்பை வெளியே கொண்டு வரும். ஏற்கெனவே ஊறவைத்த துணியைப் போட்டால் மெஷின் ஈரத்தையும் கனமாக எண்ணிக் குழம்பும். தண்ணீர் அளவை நீங்களே வையுங்கள்.

தலையணை உறை, படுக்கை விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசிப் பூச்சி சாகும். பச்சைத் தண்ணீர் அதைக் கொல்லாது. வீட்டில் யாருக்காவது சிரங்கு என்றால் அவர்கள் துணிக்கும் இதே வெந்நீர்தான். வெந்நீர் தாங்காத துணியை ஒரு வாரம் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி வைத்துவிட்டுப் பிறகு துவைக்கலாம். மனித உடம்பை விட்டுப் பிரிந்த சிரங்குப் பூச்சி அத்தனை நாள் பிழைக்காது. மெஷின் எவ்வளவு சூடு தாங்கும் என்பதைக் கூட வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றி பிளாஸ்டிக் தொட்டியைக் கெடுக்க வேண்டாம்.

துவைத்து முடித்ததும் மூடியைத் திறந்து வையுங்கள். நூல் பிசிறு பிடிக்கும் வலையை அப்போதைக்கப்போது கழுவுங்கள். மாசம் ஒரு தடவை துணி போடாமல் வெறும் மெஷினை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெளித்தொட்டியில் சோப்புச் சேறும் பூஞ்சையும் படிந்தால், அந்த வாடைதான் துணியில் வரும். அதை மறைக்க இன்னும் ஒரு கரண்டி வாசனைத் தூள் போடுவது, குளிக்காமல் சென்ட் அடித்துக்கொள்கிற மாதிரி!

எங்கள் வீட்டில் மெஷினை மாற்றவில்லை. பழக்கத்தைத்தான் மாற்றினோம். தூள் ஒரு கரண்டி, அலசல் ஒன்று அதிகம். களிம்பும் தொடர்ந்தது. குழந்தையின் கழுத்து மெல்ல மெல்ல ஆறி, இப்போது ராத்திரியில் நிம்மதியாகத் தூங்குகிறாள். களிம்பால் குணமா, அலசலால் குணமா என்று டாக்டரிடம் கேட்டேன். "ரெண்டாலயும்தாம்மா. ஆனா களிம்பை என்னிக்காவது ஒரு நாள் நிறுத்தணும். அலசறதை நிறுத்தாதீங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

கடைக்காரர் எத்தனை கிலோ, எத்தனை ப்ரோகிராம் என்று அடுக்கும்போது நீங்கள் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எத்தனை தடவை அலசும்? நடுவுல பிழியுமா?" அவர் தலையைச் சொறிந்தால் பரவாயில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் உடம்பைச் சொறியாமல் இருந்தால் போதும்!