தேடுங் கலையும் நம் ஆவணங்களும்

நூல்கள் அரியனவாயிருந்த காலத்திலே ஒரு நூலைப் பெறுதலே பெரும் பேறாக எண்ணப்பெற்றது. இக்காலத்திலோ நிலை வேறு. கணினியிலே ஒரு சொல்லை இட்டவுடன் எண்ணிறந்த பக்கங்கள் வந்து குவிகின்றன. வேண்டிய பக்கமோ அவற்றினிடையே மறைந்து கிடக்கின்றது. ஆதலின் தேடுதலும் ஒரு கலையேயாம். எண்ணும் எழுத்தும் போல அதனையும் நம் மாணவர்க்கு முறையாகக் கற்பித்தல் வேண்டும் என்பது எமது துணிபு.

காரைதீவிலே 1892 இற் பிறந்த சுவாமி விபுலானந்தரை எடுத்துக்கொள்வோம். அவர் இயற்றிய யாழ் நூல் 1947 இல் வெளிவந்தது. அவ்விரு சொற்களையும் வாளா இட்டுத் தேடுவார்க்கு யாழ்ப்பாணத்து நூல்களும் நூலகச் செய்திகளும் வந்து எதிர்ப்படும். இரட்டை மேற்கோட்குறிக்குள் அடக்கி இடின், அத்தொடர் உள்ள பக்கங்களே முன்வரும். அவர் பெயர் தாங்கிய பாடசாலைகளைப் பற்றிய செய்தி வேண்டாவெனின், பாடசாலை என்னுஞ் சொல்லின் முன் இடைவெளியின்றிக் கழித்தற்குறி இடுதல் போதும். துறவுக்கு முன் அவர் எழுதியவற்றை நாடுவோர் மயில்வாகனன் என்னும் பெயராலுந் தேடுதல் வேண்டும்.

ஊர்ப்பெயரிலும் இத்தகைய விழிப்பு வேண்டும். கல்முனையும் சம்மாந்துறையும் இன்று அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டமோ 1961 இலேயே மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்றது. அதற்கு முந்திய பத்திரங்களை அம்பாறை என்னுஞ் சொல்லாலே தேடுவோர் பெரும்பாலும் வெறுங்கையராய் மீள்வர்.

எழுத்துக்கூட்டலும் அவ்வாறே. 1882 இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கிய அறிஞரைச் சித்திலெப்பை என்பாருமுளர்; சித்திலெவ்வை என்பாருமுளர். பெயரின் முதலெழுத்தை நம் நாட்டார் ரி என எழுதத் தமிழ்நாட்டார் டி என எழுதுவர். பழைய முஸ்லிம் நூல்கள் பல அரபுத்தமிழிலே உள்ளன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிற் கோத்தவை கண்ணுக்குத் தமிழாயினும், கணினிக்கு ஆங்கில எழுத்துக்களே. இக்கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்து ஒரே மொழியிலே எழுதி வந்துள்ளனர். தமக்குப் பழகிய ஒரு வடிவத்தை மாத்திரம் இட்டுத் தேடுவோர் தம்மவர் எழுதியதையே கண்டு, அதுவே முழு வரலாறு என மயங்குவர். இம்மயக்கம் சிறு தீங்கன்று.

“இயந்திரமே இப்பொழுது நம் கருத்தை உணர்ந்து விடை தருகின்றதே, இக்கலை எதற்கு?” எனச் சிலர் வினவுவர். இயந்திரம் தன்னிடம் வந்து சேராத ஏட்டை அறியாது. சிற்சில வேளைகளிற் பொய்யையும் மெய்போலக் கூறும். மூல ஆவணத்தைத் தேடிக் கண்டு ஒப்புநோக்கவல்லாரே அதன் பிழையை அறிவர்.

பழைய மாணவர்க்கும் இதிலே ஒரு கடமையுண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை எம் கரையோர வீடுகளிலிருந்த உயிர்களோடு உறுதிகளையும் ஏடுகளையும் வாரிச் சென்றது. எஞ்சிய மலர்களையும் சஞ்சிகைகளையும், 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம் போன்றவற்றிற்கு வழங்குதல் நன்று. வழங்குங்கால் ஆண்டு, ஊரின் பழைய மாவட்டம், ஆசிரியர் பெயரின் வேறு வடிவங்கள் ஆகியவற்றைக் குறித்துக் கொடுத்தல் வேண்டும். குறிப்பின்றிக் கிடக்கும் ஆவணம் கடல்கொண்ட ஆவணத்தோடு ஒக்கும்.

இவ்விழா மலரின் இறுதியிலேயே பெயரகராதி ஒன்றைச் சேர்த்து, இப்பணியை நாமே தொடங்கிவைப்போமாக.