பழங்கடிகாரமும் பெட்டியும்

பழங்கடிகாரம் சேர்ப்பது செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கு என்று கருதுதல் பிழை. 1961ஆம் ஆண்டில் ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தோன்றிற்று. அங்கு உருவான 'ஜனதா', பெயருக்கேற்ப எளிய மக்களின் கடிகாரம். நாள்தோறும் சாவி கொடுத்தால் ஓடும். 2016இல் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட அரசு முடிவு செய்தது. இன்று பழைய ஜனதாவைத் தேடி வாங்குவோர் பலர். இதனைக் கண்ட வணிகர் சிலர், தேய்ந்த முகப்பின்மேல் புதுச்சாயம் பூசி, பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றாகக் கோத்து விற்கின்றனர். மாணவர்களே, அந்தப் பளபளப்பில் மயங்காதீர்கள். மங்கிய பழைய முகப்பே என் கண்ணுக்கு மேலானது.

பெட்டியையோ பலர் வீண்சுமை என்று எறிந்துவிடுகின்றனர். (எங்கள் வீட்டில் அது ஊசிநூல் பெட்டியாயிற்று!) ஆனால், கடிகாரம் எந்நாளில், எவ்வூர்க் கடையில் வாங்கப்பட்டது என்பதைக் கடிகாரம் கூறாது, பெட்டியினுள் இருக்கும் உத்தரவாதச் சீட்டின் தேதியும் கடை முத்திரையுமே கூறும். பெட்டியும் மாறியிருத்தல் கூடும். ஆதலின், சீட்டில் எண் குறித்திருப்பின், அதனைக் கடிகாரத்தின் பின்மூடியிலுள்ள எண்ணோடு ஒப்பிட்ட பின்னரே பணத்தை எடுங்கள்.