தறிக்குழியும் சங்கத்தின் கடமையும்

நெய்து கொணர்ந்த சேலையைச் சங்கத்தில் விரித்துப் பார்த்து, இழை விட்டிருக்கிறது, கரை சீராக இல்லை என்று கண்டால் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துக் கொள்வது நெடுநாளைய வழக்கம். சரக்கின் தரம் கெடாதிருக்க அது வேண்டியதே. ஆனால் அச்சேலை எத்தகைய இடத்தில் நெய்யப்பட்டது என்று சென்று பார்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டா? பட்டப்பகலிலும் இருள் நீங்காத அறையில், ஈரம் கசியும் குழியில் காலை வைத்து நெய்தவர் ஓர் இழையைத் தவறவிட்டால், அக்குற்றம் முழுவதும் அவருடையதுதானா? ஆண்டுக் கணக்கை முடித்து மகாசபை கூடவிருக்கும் இவ்வேளையில், அங்கத்தினர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

ஆலைத் தொழிலாளிக்குச் சட்டத்தின் காவல் முன்பே கிடைத்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வெளிச்சம், காற்றோட்டம், குடிநீர் ஆகியவை பற்றி விதிகள் வகுத்தது. ஆயினும், மின்விசை உள்ள இடத்தில் 10 பேரும், இல்லாத இடத்தில் 20 பேரும் வேலை செய்தாலன்றி, பொதுவாக அவ்விடம் தொழிற்சாலையாகக் கொள்ளப்படவில்லை. கைத்தறியாளரின் வீடு அக்கணக்கில் வரவில்லை. அவருக்கு வீடே பட்டறை, குடும்பத்தாரே தொழிலாளர். அங்கே எட்டிப் பார்க்க ஓர் அதிகாரி வருவதில்லை. பார்க்கும் கடமையும் உரிமையும் உடையது அவருடைய சங்கம் ஒன்றே.

குழித்தறியின் குறைகளை நெசவாளருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறுகிறது. தேளும் பூரானும் அடைகின்றன. காலும் முழங்காலும் நோகின்றன. இதற்குப் பரிகாரம் பெருஞ்செலவு பிடிப்பதன்று. குழியைச் செங்கல் வைத்துச் சிமெண்டால் பூசி, விளிம்பைத் தரைக்கு மேல் ஒரு சாண் உயர்த்தினால் மேல்தண்ணீர் உள்ளே இறங்காது. ஓட்டுக் கூரையாயின், தறிக்கு மேல் இரண்டு மூன்று கண்ணாடி ஓடுகளைப் பதித்து, சுவருக்கு வெள்ளையடித்தாலே அறையின் இருள் பாதி விலகும். உட்காரும் பலகையின் உயரம் நெய்பவரின் உடலுக்கு ஏற்ப இருந்தால் முதுகு வளையாது. ஒரு கொத்தனாரும் ஒரு தச்சரும் சில நாளில் முடித்துவிடக் கூடிய வேலைகளே இவை.

தறியில் அமர்பவரை மட்டும் கருதினாலும் போதாது. 2019-20இல் எடுக்கப்பட்ட அகில இந்தியக் கைத்தறிக் கணக்கின்படி, இத்தொழிலில் ஈடுபட்டோர் 35 இலட்சத்துக்கு மேற்பட்டவர். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். தரையில் குனிந்து அமர்ந்து நாள்தோறும் தார் சுற்றும் தாய்மார்கள் பலருடைய பெயர் அங்கத்தினர் பதிவேட்டில் இல்லை. அவர்களுடைய உழைப்பு நெய்பவரின் கூலியில் அடக்கம். அவர்களுடைய இடுப்புவலியோ எக்கணக்கிலும் அடங்குவதில்லை. இராட்டையை உயரமான பலகையில் வைத்து, அவர்கள் முக்காலியில் அமர்ந்து சுற்றும்படி செய்வது சங்கத்துக்கு இயலாத காரியமா?

சாயம் போடும் இடத்தின் நிலை இன்னும் கவலை தருவது. காஸ்டிக் சோடா தோலைப் புண்ணாக்கும். ஹைட்ரோ என்று நாம் வழங்கும் பொடி ஈரம் பட்டால் சூடேறித் தீப்பற்றவும் கூடும். ஆகவே ரப்பர்க் கையுறையும், புகை வெளியேற வழியும், மருந்துகளை உலர்ந்த இடத்தில் மூடிவைக்கும் ஏற்பாடும் அங்கே கட்டாயம் வேண்டும்.

சாயத்தொட்டியிலிருந்து வடியும் நீர் எங்கே செல்கிறது? இக்கேள்வி நம் விவசாய அங்கத்தினரைச் சார்ந்தது. பருத்திக்கு நிறம் ஏற்றப் பயன்படும் உப்பு நீரோடு வெளியேறுகிறது. நிறத்தை அகற்றிவிட்டாலும் அவ்வுப்பு நீரை விட்டு அகலுவதில்லை. நொய்யலாற்றின் வரலாறு நம் கண்முன் உள்ளது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் சாய நீர் கலந்ததால், பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. நிலமும் கிணறும் உவர்ப்பேறி விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதனால் விவசாயிக்கு நேர்ந்த துன்பம் தொழிலாளியையும் வந்தடைந்தது. நம் சாயத்தொட்டிகள் சிறியவை என்பது மெய். ஆயினும், வீட்டுக்கு வீடு சாயம் போட்டு வாய்க்காலில் விடுவதைக் காட்டிலும், சங்கமே ஒரு பொதுச் சாயச்சாலை அமைத்து, கழிவை நிலத்தில் இறங்காத தொட்டியில் தேக்கிச் சுத்திகரிப்பதே முறை. ஒரே மகாசபையில் அருகருகே அமரும் இருவரில் ஒருவர் தொட்டி மற்றவர் கிணற்றைக் கெடுக்கலாகாது.

“இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே? முதலில் கூலியை உயர்த்துங்கள்” என்று சில அங்கத்தினர்கள் கூறுவர். அவர்கள் கூற்றை நாம் அலட்சியம் செய்யவில்லை. கூலி உயர வேண்டியதே. ஆனால் உயர்ந்த கூலி மருந்துக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் போய்விட்டால் குடும்பத்துக்கு மிஞ்சுவது என்ன? கூட்டுறவின் முன்னோடிகளுள் ஒருவரான ராபர்ட் ஓவன், 1800இல் ஸ்காத்லாந்தின் நியூ லானார்க் நூற்பாலையின் நிர்வாகத்தை ஏற்றார். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்க மறுத்தார். 1816இல் அங்கே பள்ளி திறந்தார். வீண் செலவென்று பழைய பங்காளிகள் முணுமுணுக்கவே, முதலுக்கு நூற்றுக்கு 5 மட்டும் பெற்றுத் திருப்தியடைய இசைந்த புதிய பங்காளிகளை 1813இல் சேர்த்துக் கொண்டார். தனியார் முதலாளிகள் சிலரே அன்று அவ்வளவுக்கு இசைந்தார்கள். நமக்கு நாமே முதலாளிகளாக உள்ள நாம் அதற்குப் பின்வாங்கலாமா?

ஆதலின் மகாசபைக்கு நாம் வைக்கும் யோசனை இது: சட்டப்படி ஒதுக்க வேண்டியவை போக மிஞ்சும் லாபத்தில், பங்கு ஈவு பிரிப்பதற்கு முன்பே, பணியிடச் சீரமைப்புக்கென ஒரு தொகையை ஒதுக்குக. நிர்வாக சபையினர் இருவரும், தார் சுற்றும் தாய்மார் ஒருவரும், விவசாயி ஒருவரும் வீடுவீடாகச் சென்று பார்த்து, மிக மோசமான தறிக்குழிகளை முதலில் குறித்து வருக. அவை செப்பனிடப்படும் வரையில், அவ்வீடுகளில் நெய்த துணிக்கு இழைக்குறை சொல்லிக் கூலி பிடிப்பதை நிறுத்தி வைக்குக. வெளிச்சம் தராத சங்கம், இருளில் நேர்ந்த பிழைக்கு அபராதம் விதிப்பது நீதியாகாது. இவ்வாண்டு பங்கு ஈவு சற்றுக் குறையலாம். குறையும் அத்தொகை நம் வீட்டுக் கூரையின் வழியே வெளிச்சமாகத் திரும்பி வரும். அங்கத்தினர்கள் ஆலோசித்து ஆவன செய்வார்களாக.