ஏற்காட்டிலிருந்து ஒரு கோடு

பூகோளம் என்றாலே பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் வரைபடத்தில் இடம் குறிக்கும் கேள்வி வரும். அதற்கென்று சில இடங்களைப் பழக்கி அனுப்புகிறோம். பரீட்சை முடிந்த மறுநாள் எல்லாம் மறந்துவிடும். இருபது நாட்டுத் தலைநகரங்களைக் கடகடவென்று ஒப்பிக்கிற பையனிடம் "அது நமக்குக் கிழக்கா, மேற்காப்பா?" என்று கேட்டால் விட்டத்தைப் பார்க்கிறான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வகுப்புச் சுவரில் விதால் த லா பிளாஷ் வரைபடங்கள் தொங்கும். ஒரு பக்கம் ஊர்ப் பெயர்கள் எல்லாம் இருக்கும். திருப்பினால் அதே படம், ஒரு பெயர்கூட இருக்காது. 'ஊமைப் படம்' என்பார்கள். வாத்தியார் குச்சியால் தட்டுவார், நாங்கள் பெயர் சொல்ல வேண்டும். செய்ன், லுவார், கரோன், ரோன் என்று நாலு ஆற்றையும் தூக்கத்தில் கேட்டாலும் இன்றைக்கும் சொல்வேன். பக்கத்தில் ஓடிய சங்கராபரணியைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை! அந்தப் படிப்பின் கோளாறு அது. ஆனால் முறை நல்ல முறை.

அந்த முறையை நம் மலையிலிருந்து தொடங்கலாமே. முதலில் லேடீஸ் சீட்டில் நிறுத்தி, கீழே தெரியும் சேலம் எந்தத் திசை என்று கேளுங்கள். பிறகு உலகப்படம். ஏற்காடு இருப்பது ஏறக்குறைய 11¾ டிகிரி வட அட்சரேகையில். அந்தக் கோட்டோடு விரலை மேற்கே நகர்த்தினால் மாஹே, அரபிக்கடல், ஏடன் வளைகுடா, ஜிபூட்டி, அப்புறம் எத்தியோப்பியா. நம் தோட்டத்துக் காப்பிச் செடியின் பூர்வீகம் அங்கேதான். 1820களில் கலெக்டர் காக்பர்ன் இங்கே கொண்டுவந்து வைத்த செடி. அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரமோ ஆஸ்திரேலியாக்காரன். கிழக்கே போனால் புதுச்சேரி, போர்ட் பிளேயர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), அதையும் தாண்டினால் வியட்நாமின் தலாத். நம்மைப்போலவே சுமார் 1500 மீட்டர் உயரம், காப்பி விளையும் பூமி, வெள்ளைக்காரன் குளிருக்காக உண்டாக்கிய ஊர். அங்கே பிரெஞ்சுக்காரன், இங்கே இங்கிலீஷ்காரன், அவ்வளவுதான் வித்தியாசம். இதைக் கேட்ட பிள்ளை தலாத்தை மறக்காது.

"போனிலேயே மேப் இருக்கிறதே, எதற்கு சார் இதெல்லாம்?" என்பார்கள். 2022-ல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்களை மியான்மரின் மியாவடிக்குக் கடத்தி, இணைய மோசடி செய்யச் சொல்லி வதைத்தார்கள். சிலரை அரசு மீட்டுக் கொண்டுவந்தது. ஏமாற்றியவன் செய்ததுதான் குற்றம், பையன்கள்மேல் பழி இல்லை. ஆனால் பாங்காக்கிலிருந்து எல்லை ஊரான மே சோட் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். வடமேற்கே அவ்வளவு தூரம் வண்டி ஓடினால் அடுத்து வருவது ஓர் ஆறு, அதற்கு அக்கரை வேறு நாடு. போனில் நீலப்புள்ளி நகர்வது எல்லோருக்கும் தெரியும். அது எங்கே போகிறது என்று சந்தேகப்படப் படம் மனதில் இருக்க வேண்டும். இந்த மலைக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குப் போகத்தான் போகிறார்கள்.

பெயர் போடாத உலகப்படம் ஸ்டேஷனரி கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. பேரன் பேத்திக்கு மாதம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். முதலில் ஏற்காட்டுக்கு ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். தலைநகரங்கள் மெதுவாக வரட்டும்.