பொம்மைக்கு அழகு முகத்தில் இல்லை, மூட்டில் இருக்கிறது



போன ஞாயிற்றுக்கிழமை, பேத்தி ஒரு பொம்மையின் உடம்புக்குள் எலாஸ்டிக் கயிறு கோக்கிற படத்தைப் போட்டிருந்தேன். அதற்கு வந்த பதில்கள் இரண்டு வகை. மதுரையிலிருந்து என் நாத்தனார் போன் போட்டு, "ஏன் மதினி, ஆயிரத்து எண்ணூத்தம்பது ரூவாய்க்குப் பொம்மையா? ஊருக்கெல்லாம் சிக்கனம் சொல்ற ஆளு நீங்க!" என்றாள். பழைய மாணவிகள் மூன்று பேர் தனியாக எழுதிக் கேட்டார்கள்: "டீச்சர், என் மகளும் இதே பொம்மை வேணும்னு நச்சரிக்கிறா. கம்மி விலையில நல்லதா எப்படிப் பார்த்து வாங்குறது?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

இதற்குப் பந்துமூட்டுப் பொம்மை என்று பெயர். பிள்ளைகள் 'பிஜேடி' என்கிறார்கள். எட்டாம் வகுப்பில் தோள்பட்டைக்கும் இடுப்புக்கும் 'பந்துக் கிண்ண மூட்டு' என்று நான் படம் வரைந்தது நினைவிருக்கிறதா? அதே சங்கதிதான். ஒரு பக்கம் உருண்டை, அது போய் உட்கார இன்னொரு பக்கம் குழி. உடம்பு உள்ளே வெற்று. தலையிலிருந்து இரண்டு கால் வரைக்கும் ஒரு எலாஸ்டிக் கயிறு, ஒரு கையிலிருந்து மறு கைக்கு இன்னொன்று. அந்தக் கயிற்றின் இழுவிசைதான் பொம்மையை நிற்க வைக்கிறது, உட்கார வைக்கிறது, கையைத் தூக்கினால் தூக்கியபடியே நிறுத்துகிறது.

மூட்டு வைத்த பொம்மை நேற்று வந்ததல்ல. ரோமாபுரியில் 1889-ல் அஸ்திவாரம் தோண்டும்போது ஓர் இளம்பெண்ணின் கல் சவப்பெட்டி கிடைத்தது. அதற்குள் முழங்கையும் முழங்காலும் மடங்குகிற தந்தப் பொம்மை ஒன்று இருந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நம் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்ட மரப்பாவைகளும் மூட்டு மூட்டாகச் செய்து கோத்தவைதான். நான்கரை அடி உயரம், பத்து கிலோ எடை கொண்ட பாவைகள்கூட உண்டு. இப்போது பிள்ளைகள் கேட்கிற வகை, ஜப்பானில் கியோட்டோ நகரத்து வோக்ஸ் என்ற கம்பெனி 1999-ல் 'சூப்பர் டால்ஃபி' என்று பிசின் வார்ப்பில் கொண்டுவந்தது. பிறகு கொரியாவிலும் சீனாவிலும் நிறையப் பேர் செய்ய ஆரம்பித்தார்கள். இரண்டடி உயரமுள்ள நல்ல பிசின் பொம்மைக்குப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். அது நமக்கு ஆகாது. நாம் பேசுவது ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வரைக்குள் ஆன்லைனில் கிடைக்கிற ஓரடி உயர பிளாஸ்டிக் பொம்மைகளைப் பற்றி.

நான் முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பேத்தி ஏழாம் வகுப்பு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நீங்கள் எல்லோரும் அவள் கையில் வைத்த காசை இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தாள். ஆகவே இது உங்கள் காசு; கணக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. முதலில் 999 ரூபாய்க்கு ஒன்று வாங்கினோம். விற்றவர் பெயர் வேண்டாம். படத்தில் அப்படி ஓர் அழகு. நீள இமை, கண்ணாடிக் கண், ஜரிகை கவுன், கிரீடம், செருப்பு, '22 மூட்டுகள்' என்று பெரிய எழுத்தில் விளம்பரம். வந்த மூன்றாம் வாரம் வலது முழங்கால் 'டக்' என்றது. தொடைக்குள் இருந்த சின்ன பிளாஸ்டிக் முளை ஒடிந்துவிட்டது. திறந்து பார்க்கலாம் என்றால், தொடையை இரண்டு பாதியாகச் செய்து பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பிரித்தால் உடையும். திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்துவிட்டது.

பேத்தி அழவில்லை. "அப்பத்தா, இதை யாராலயுமே சரி பண்ண முடியாதா?" என்று கேட்டாள். முப்பத்து நான்கு வருஷம் பாடம் நடத்தினேன்; அந்தக் கேள்விக்கு "முடியாதும்மா" என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மிச்சக் காசோடு நான் கொஞ்சம் போட்டு இரண்டாவது பொம்மை வாங்கினோம். 1,850 ரூபாய். முகத்தில் சாயம் கம்மி, முடி அடர்த்தி இல்லை, ஒரே ஒரு பருத்தி கவுன். வீட்டில் யாருக்கும் பார்த்தவுடன் பிடிக்கவில்லை. ஆனால் கழுத்தைக் கழற்றினால் உள்ளே கொக்கியும் எலாஸ்டிக்கும் கண்ணுக்குத் தெரிந்தன. சித்திரை வெயிலில் எலாஸ்டிக் தளர்ந்து பொம்மை நிற்க மாட்டாமல் மடங்கி மடங்கி விழுந்தது. பஜாரில் தையல் சாமான் கடைக்குப் போய் உருண்டை எலாஸ்டிக் இரண்டு மீட்டர் வாங்கி வந்தோம், இருபது ரூபாய். கம்பியை வளைத்துக் கொக்கி செய்துகொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தோம். முதல் தடவை இறுக்கிவிட்டாள். காலை மடக்கினால் உதைத்துக்கொண்டு விறைத்தது. அவிழ்த்து மறுபடி கட்டினாள். நின்றது. நீங்கள் பார்த்த படம் அப்போது எடுத்ததுதான்.

999 ரூபாய்ப் பொம்மை பீரோ மேல் படுத்திருக்கிறது. 1,850 ரூபாய்ப் பொம்மை மேஜை மேல் நிற்கிறது. எது மலிவு என்று நாத்தனார் சொல்லட்டும்.

என் கருத்து இதுதான். கம்மி விலையில் வாங்குவது தப்பில்லை. விலை குறையும்போது எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்து வாங்குவதுதான் சாமர்த்தியம்.

அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். அந்த வீடுகளில் ஓர் அம்மா எனக்குச் சேலை பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கடையில் எல்லோரும் முந்தியை விரித்துப் பார்ப்பார்கள். அவர் சேலையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் இழை எப்படி ஓடுகிறது, கரையோரம் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்ப்பார். "முந்தி விக்கிறதுக்கு டீச்சர், கரை உடுத்துறதுக்கு" என்பார். பொம்மைக்கு முகம் முந்தி, மூட்டு கரை.

விட்டுக்கொடுக்கக் கூடியவை: முகச் சாயம், முடி, உடுப்பு, செருப்பு, பெட்டி. சாயத்தை அக்ரிலிக் பெயின்ட் வைத்து மறுபடி போடலாம். முடிக்கு உல்லன் நூல் போதும். உடுப்புக்கு ஜாக்கெட் வெட்டுத்துணி இருக்கவே இருக்கிறது.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை மூன்று. மூட்டு இழுத்துப் பிடிக்க வேண்டும். பிரித்து மறுபடி கோக்க முடிய வேண்டும். எதனால் செய்தது என்பதை விற்பவர் உள்ளபடி சொல்ல வேண்டும்.

வாங்கும் முன்னால் விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள். உடுப்பு இல்லாமல், முன்னும் பின்னும் எடுத்த படம் வேண்டும். தலையைக் கழற்றிய படம் வேண்டும். கொக்கியும் எலாஸ்டிக்கும் தெரிந்தால் பிரிக்கக்கூடியது. தாங்கி இல்லாமல் நிற்கிற படம் ஒன்று வேண்டும். தாங்கி வைத்தே எல்லாப் படமும் எடுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். மூட்டு எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். பிடிக்காத 22 மூட்டைவிடப் பிடிக்கிற 13 மூட்டு மேல். படம் அனுப்ப மறுத்தால் அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டு வேறு கடை பாருங்கள்.

வந்த அன்றே பெட்டியைத் திறந்து, திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் இவற்றைச் செய்யுங்கள். தரையில் நிறுத்தி ஒரு நிமிஷம் பாருங்கள். நாற்காலியில் உட்கார வையுங்கள். இடுப்பு மடங்காமல் மல்லாந்தால் குழி சரியாகச் செதுக்கவில்லை. கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். அங்கேயே நிற்க வேண்டும். முழங்காலைப் பாதி மடக்கிக் கையை எடுங்கள். தொங்கினாலும் கோளாறு, உதைத்தாலும் கோளாறு. ஆனால் எலாஸ்டிக் வகையில் இந்த இரண்டையும் கயிற்றை மாற்றிச் சரிசெய்யலாம். குழிக்குள் மெல்லிய தோல் துண்டு ஒட்டினால் வழுக்காது. தலையையும் உடம்பையும் வெளிச்சத்தில் வைத்து நிறம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டையும் வேறு வேறு நேரத்தில் வார்த்திருந்தால் நிறம் மாறும். ஈரப்பஞ்சால் கன்னத்தைத் துடையுங்கள். சாயம் ஒட்டிவந்தால் கைக்கும் வாய்க்கும் போகும் என்று அர்த்தம். முகர்ந்து பாருங்கள், இரண்டு நாள் காற்றாட வைத்தும் மூக்கைத் துளைக்கிற மருந்து வாடை போகவில்லை என்றால் வீட்டில் வைக்க வேண்டாம்.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கை. பிசின் பொம்மை வெயில் பட்டால் மஞ்சளாகும். திருச்சுழி, அருப்புக்கோட்டை வெயிலுக்கு ஜன்னலோரம் ஆகவே ஆகாது. எலாஸ்டிக்கும் சூட்டில் சீக்கிரம் தளரும். பீரோவுக்குள் துணி சுற்றி வையுங்கள். இன்னொன்று, பிசினில் மேடுபள்ளம் தேய்க்க வேண்டியிருந்தால் பெரியவர்கள் தேயுங்கள். மூக்கைக் கட்டிக்கொண்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விற்கும் விளையாட்டுப் பொருளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு செய்த கைவினைக் கலைஞர்களுக்கும், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போலப் புவிசார் குறியீடு பெற்றவற்றைச் செய்ய அங்கீகாரம் உள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு. சில பந்துமூட்டுப் பொம்மைகளின் பெட்டியில் '15 வயதுக்கு மேல்' என்று போட்டிருக்கும். சேகரித்து வைப்பவர்களுக்காகச் செய்தது என்று பொருள். வாங்கும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். கண், கொக்கி, விரல் எல்லாம் கழலும் என்பதால் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். அவர்களுக்குத் தலையாட்டி பொம்மையும் மரப்பாச்சியும் போதும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். இரண்டடி பிசின் பொம்மை, நாற்பதாயிரத்துக்கு விற்பது, ஏழாயிரத்துக்குக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் நகர்ந்துவிடுங்கள். ஒரு சிற்பி மாதக்கணக்கில் செதுக்கியதை ஒன்று வாங்கி, அதிலேயே அச்சு எடுத்து, கேட்காமல் கொள்ளாமல் வார்த்து விற்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 'ரீகாஸ்ட்' என்பார்கள். சில சேலை ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-ல் சட்டம் போட்டும், விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்கிறவர்களை நாம் பார்க்கிறோம். அதனால் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று நமக்குத் தெரியும். தெரிந்த நாமே இன்னொரு ஊர்க் கைவேலைக்காரருக்கு அதைச் செய்யலாமா? மலிவு வேறு, போலி வேறு. சின்னக் கம்பெனியின் எளிய பொம்மை மலிவு. பெரிய சிற்பியின் திருட்டு அச்சு போலி.

கடைசியாக நாத்தனாருக்கு. நாம் சின்னப் பிள்ளையில் கண்மாய்க் களிமண்ணில் காளை செய்தோம். கரிசல் மண் காய்ந்ததும் வெடிக்கும், காலொன்று உதிரும். ஈர்க்குச்சியைச் சொருகி மறுபடி ஒட்டினோம். நுங்கு வண்டியில் குச்சி ஒடிந்தால் வேறு குச்சி. எதுவும் காசு போட்டு வாங்கியதல்ல. ஆனால் உடைந்ததைச் சரிசெய்யத் தெரிந்திருந்தது. இன்றைக்குப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற முக்கால்வாசிச் சாமான் பசை போட்டு ஒட்டியது, உடைந்தால் குப்பை. 'சரிபண்ண முடியாது' என்ற பதிலை நாமே காசு கொடுத்து வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம்.

அந்தப் பதிலை நான் பேத்திக்கு ஒரு தடவை சொல்லிவிட்டேன். இரண்டாவது தடவை சொல்லக்கூடாது என்பதற்குத்தான் அந்த 1,850 ரூபாய். இப்போது அவளுக்கு எலாஸ்டிக் அளக்கத் தெரியும், இழுவிசை என்றால் என்னவென்று கையில் தெரியும், ஓட்டுத்தையல் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொம்மைக்கும் கயிறு மாற்றிக் கொடுத்திருக்கிறாள். கூலி ஒரு கடலை மிட்டாய்.

மாணவிகளே, மகளுக்கு வாங்குங்கள். ஆனால் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மேலே சொன்னதையெல்லாம் அவளையே விற்பவரிடம் கேட்கச் சொல்லுங்கள். எலாஸ்டிக் கோக்கத் தெரியாவிட்டால் வீட்டுக்கு வாருங்கள். பேத்தி சொல்லித் தருவாள். நான் காப்பி போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்